சத்தமில்லாமல் ஒரு குட்டிக்கரணம்
(மின் மோட்டார் மாடல் விமானத்தின் வரலாறு)

நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வெள்ளை நிற நுரை விமானம் பறப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தலைகீழாகப் பறக்கிறது. மூக்கை வானத்துக்குக் காட்டியபடி அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. பம்பரம் மாதிரி சுற்றுகிறது. இத்தனைக்கும் அதன் சத்தம் ஒரு டேபிள் ஃபேன் அளவுதான். சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர், "இதில் என்ன சார் இருக்கிறது, கடையில் விற்கிற பொம்மைதானே" என்றார். பொம்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மையை மின்சாரத்தில் குட்டிக்கரணம் போட வைக்க மனிதர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். இந்த இதழுக்கு ஏதாவது வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டபோது, இதையே எழுதலாம் என்று தோன்றியது.

நான் படித்தது பி.காம். பௌதிகம் எனக்குப் பள்ளியோடு சரி. ஆனால் இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, லெட்ஜர் எழுதிப் பழகிய எனக்கு அது நன்றாகவே புரிந்தது. பறக்கும் பொருள் எதற்கும் இரண்டே கலங்கள்தான். எடை ஒரு பக்கம், சக்தி மறுபக்கம். மின் விமானத்தின் கணக்கு மிக நீண்ட காலம் நஷ்டத்திலேயே இருந்தது. எப்படி நேர்பட்டது என்பதுதான் கதை.

முதலில் கொஞ்சம் பழைய சங்கதி. 1871-ல் பாரிஸ் நகரத்து துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் ரப்பர் வளையத்தை முறுக்கி ஒரு சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். அவருடைய பாணியில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878-ல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தார். பொம்மையை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டால் அவை தம் இஷ்டத்துக்குப் போகும். பின்னால் ஓட வேண்டியதுதான். தரையில் நின்று ரேடியோ மூலம் ஆட்டுவிப்பதில் வென்றவர்கள் அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டையர், வால்ட்டர் குட், வில்லியம் குட். 1937-ல் இவர்கள் பறக்கவிட்ட விமானத்தின் பெயர் 'கஃப்'. இறக்கை 8 அடி அகலம், பெட்ரோல் எஞ்சின். 1938-லிருந்து அமெரிக்க தேசியப் போட்டியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார்கள். உலகப் போருக்குப் பிறகு 1947-ல் மறுபடியும் வென்றார்கள். அந்த விமானம் இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

அக்காலத்து ரேடியோவில் இன்றைய பையன்கள் ஐந்து நிமிடம்கூட விளையாட மாட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் வால் சுக்கான் முழுக்க வலது பக்கம் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் முழுக்க இடது. 'கொஞ்சம் வலது' என்ற பேச்சே கிடையாது. பிறகு 'ரீட்' முறை வந்தது. ஆர்மோனியத்துக்குள் வரிசையாக ரீட் இருக்குமே, அதே சங்கதிதான். தரையிலிருந்து ஒரு சுருதியை அனுப்பினால், விமானத்தில் அந்தச் சுருதிக்குரிய தகடு மட்டும் அதிர்ந்து, அதற்குரிய மோட்டாரை இயக்கும். இப்படிப்பட்ட கருவிகள் புழங்கிய காலத்தில்தான், 1960-ல், சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃப் விமானத்தளத்தில் ரேடியோ விமானங்களுக்கான முதல் உலக சாகசப் பறத்தல் போட்டி நடந்தது. அமெரிக்காவின் எட் காஸ்மிர்ஸ்கி 'ஓரியன்' என்ற விமானத்தால் வென்றார். குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவே திரும்பும் இன்றைய முறை, அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பரவலானது.

இவையெல்லாம் எஞ்சினில் ஓடியவை. 1940களின் கடைசியில் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் 'க்ளோ பிளக்' என்ற சிறு சூட்டுக் கம்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு முறை பழுக்க வைத்துவிட்டால், எஞ்சின் ஓடும் சூட்டிலேயே அது தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கும். தனியாகத் தீப்பொறிக்கு பாட்டரியும் சுருளும் சுமக்க வேண்டாம். எடை குறைந்தது. எரிபொருள் மெத்தனால். எஞ்சின் உராயாமலிருக்க அதில் கலந்தது என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய். ஆமணக்கிலிருந்து எடுப்பதுதான். பழைய ஆட்கள் அந்த வாசனையை இன்றும் ஏதோ கோயில் தசாங்கம் மாதிரி சிலாகித்து எழுதுகிறார்கள். சிறு வயதில் விளக்கெண்ணெய் குடிக்க வைக்கப்பட்டவர்கள் அந்தக் கருத்தில் சேர மாட்டார்கள். பறந்து முடிந்ததும் விமானம் முழுக்க அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது தனி வேலை.

பிசுக்கையாவது துடைத்துவிடலாம். சத்தத்தை என்ன செய்வது? 10 சி.சி. எஞ்சின் ஒன்று நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது எழும் ஓலம், ஊருக்கு வெளியே இருந்தாலும் ஊருக்குள் கேட்கும். நகரங்கள் வளர வளர, மைதானத்தை ஒட்டி வீடுகள் வந்தன. வீடு வந்த பிறகு புகார் வந்தது. புகார் வந்த பிறகு மைதானம் போயிற்று. பிற்பாடு போட்டி விதிகளிலேயே இத்தனை டெசிபலுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்கள் உலகெங்கும் கொடுத்த நெருக்கடிக்கும் மின் விமானத்தின் வெற்றியில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மின்சாரத்தில் பறந்ததாக முறையாகப் பதிவான முதல் ரேடியோ விமானம் இங்கிலாந்தைச் சேர்ந்தது. கர்னல் டாப்ளின் என்பவர் 1957 ஜூன் 30 அன்று 'ரேடியோ குவீன்' என்ற மாடலில் மின் மோட்டாரைப் பொருத்திப் பறக்கவிட்டார். வெள்ளி-துத்தநாக பாட்டரி. எடைக்கு நல்ல சக்தி தரும். ஆனால் விலை யானை விலை, ஆயுளோ அற்பம். சாமானியர் கைக்கு எட்டாது.

அதே ஆண்டில் ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி என்ற பொறியாளர், ரேடியோ இல்லாமல் தானாகப் பறக்கும் ஒரு மின் விமானத்தை வெற்றிகரமாக மேலே அனுப்பினார். இவர் 1940-லிருந்தே முயன்றுகொண்டிருந்தவர். பதினேழு வருஷம்! பின்னாளில் கிராப்னர் என்ற மாடல் விமானக் கம்பெனியில் பணியாற்றினார். 1960-ல் அந்தக் கம்பெனி இவருடைய வடிவமைப்பை 'சைலன்டியஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரிலேயே மௌனம் இருக்கிறது, கவனியுங்கள். சிறு மோட்டார்களில் கைதேர்ந்த ஃப்ரிட்ஸ் ஃபால்ஹாபர் செய்த மெல்லிய மோட்டார் அதில் இருந்தது. மிலிட்கி அதோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில், மோட்டார் கிளைடர் ஒன்றில் எஞ்சினை எடுத்துவிட்டு மின் மோட்டாரும் நிக்கல்-காட்மியம் பாட்டரியும் வைத்து, ஹைனோ பிர்டிட்ஷ்கா என்ற விமானியை உட்கார வைத்தே பறக்கச் செய்தார். பறந்தது கால் மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் மனிதரைச் சுமந்த முதல் மின் விமானம் அதுவே.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ராலண்ட் பூஷே, பாப் பூஷே என்ற சகோதரர்கள் 1970களின் தொடக்கத்தில் 'ஆஸ்ட்ரோ ஃப்ளைட்' என்ற பெயரில் மின் மோட்டார்களை விற்க ஆரம்பித்தார்கள். மைதானத்தில் கார் பாட்டரியிலிருந்தே நிக்கல்-காட்மியம் பாட்டரியைச் சில நிமிடங்களில் சார்ஜ் செய்யும் வழக்கத்தைப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1974 நவம்பர் 4 அன்று 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானத்தைச் சூரிய ஒளியிலேயே பறக்கவிட்டார்கள். 1981 ஜூலை 7 அன்று 'சோலார் சாலஞ்சர்' என்ற சூரிய ஒளி விமானம் ஒரு விமானியைச் சுமந்து ஃபிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியதே, 5 மணி 23 நிமிடப் பயணம், அதில் சுற்றியதும் இவர்கள் மோட்டார்தான். மாடல் விமானத்துக்கு மோட்டார் செய்தவர்கள் ஆளைக் கடல் தாண்ட வைத்தார்கள்.

இவ்வளவு பெருமை இருந்தும், மைதானத்தில் மின் விமானத்தை யாரும் மதிக்கவில்லை. காரணம் லெட்ஜர்தான். மெத்தனால் ஒரு கிலோவில் 5 யூனிட்டுக்கு மேல் சக்தி இருக்கிறது. மின் வாரிய பில்லில் பார்க்கிறோமே, அதே யூனிட்தான். எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணடித்தாலும் மிச்சமே ஏராளம். ஒரு கிலோ நிக்கல்-காட்மியம் பாட்டரியில் இருப்பதோ, யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு அளவு. ஆகவே 1970, 80களில் மின் மோட்டாரை கிளைடர்களில் வைத்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் மேலே ஏற மோட்டார், பிறகு நிறுத்திவிட்டு மிதந்து இறங்க வேண்டியது. மெதுவாக மிதப்பதற்கு அது போதும். சாகசப் பறத்தலுக்குப் போதாது.

ஏன் போதாது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். உலகப் போட்டியில் பறக்கும் சாகச விமானம் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்துக்கு மிகக்கூடாது. எடை 5 கிலோவுக்குள். இன்று அத்தகைய மின் விமானம் ஒன்றில் 37 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பாட்டரி வைக்கிறார்கள். பெருக்கினால் 185 வாட்-மணி. இதே சக்தியைப் பழைய நிக்கல்-காட்மியத்தில் சுமக்க வேண்டுமானால், பாட்டரி மட்டுமே ஏறத்தாழ 4 கிலோ ஆகும். மிச்சமுள்ள ஒரு கிலோவில் இறக்கை, உடல், வால், மோட்டார், சக்கரம் எல்லாம் அடங்க வேண்டும். எந்த மேனேஜரும் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

கணக்கை மாற்றியவை இரண்டு. இரண்டுமே மாடல் விமானத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

முதலாவது மோட்டார். மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தவர்களுக்குக் 'கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது' என்ற வசனம் பழக்கமானது. பழைய மாடல் மோட்டார்களிலும் அதே பிரஷ், அதே தேய்மானம், அதே தீப்பொறி. சக்தியில் ஒரு பகுதி அங்கேயே சூடாகிப் போகும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனத்தில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் என்ற அரிய உலோகத்தைக் கொண்டு மிக வலுவான காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காந்தத்தையும், மின்சாரத்தைச் சுருள்களுக்கு முறை வைத்து அனுப்பும் மின்னணுச் சில்லையும் சேர்த்தால் பிரஷ்ஷே வேண்டாம். இப்போது நம் வீடுகளில் மாட்டுகிறோமே பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன், அதே தத்துவம்தான். சீலிங் ஃபேனில் நடுப்பகுதி நிற்க, வெளிக்கூடு சுற்றும். அதே அமைப்பை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்வலர்கள் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் போட்ட சி.டி. ராம் டிரைவின் மோட்டாரைப் பிரித்து, கம்பியை மாற்றிச் சுற்றி, நியோடிமியம் காந்தத் துண்டுகளை ஒட்டி, நுரை விமானங்களில் பொருத்தினார்கள். கூடு வெளியே சுற்றும் மோட்டாருக்கு இழுவிசை அதிகம். கியர் இல்லாமலே பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றுவதால் சத்தமும் குறைவு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் குப்பைப் பெட்டி ஆராய்ச்சிதான். பிறகு கம்பெனிகள் அதே வடிவில் மோட்டார் செய்து குவித்தன.

இரண்டாவது பாட்டரி. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவர் 1970களிலிருந்து 1985 வரை அடுத்தடுத்துச் செய்த வேலையால் லித்தியம் அயனி பாட்டரி உருவாயிற்று. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்போனுக்காக அதை மெல்லிய பை வடிவில் செய்தபோது இரும்புக் கூட்டின் எடையும் போயிற்று. அதுதான் 'லிப்போ' என்று ஆர்வலர்கள் சொல்லும் லித்தியம் பாலிமர் பாட்டரி. மேலே சொன்ன 185 வாட்-மணி, இதில் சுமார் 1.2 கிலோவில் அடங்கிவிடும். முதலில் வந்தவற்றிலிருந்து மின்சாரத்தை வேகமாக உறிஞ்ச முடியவில்லை. சில ஆண்டுகளில் அதுவும் சரியாயிற்று.

அவ்வளவுதான், மைதானத்தில் காற்று திசை மாறியது. 2010களில் உலக சாகசப் போட்டியில் பெரும்பாலோர் மின் மோட்டாருக்கு வந்துவிட்டார்கள். சத்தம் குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. எஞ்சின் விமானத்தில் எரிபொருள் குறையக் குறைய எடையும் சமநிலையும் மாறும். பாட்டரி தீர்ந்தாலும் அதே எடைதான். தலைகீழாகப் பறக்கும்போது எஞ்சின் திணறி நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை. செங்குத்தாகக் கீழே இறங்கும்போது மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தி, ஏறும்போது என்ன வேகமோ அதே வேகத்தில் இறங்கலாம். நடுவர்கள் மதிப்பெண் போடுவது அந்தச் சீரான வேகத்துக்குத்தான். மூக்கைத் தூக்கி அந்தரத்தில் நிற்கும் வித்தைக்கு, புரொப்பல்லரின் இழுப்பு விமானத்தின் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும், குச்சியை அசைத்த கணமே கூடிக் குறையவும் வேண்டும். மின் மோட்டாருக்கு அது கைவந்த கலை.

ரேடியோவும் இதே சமயத்தில் மாறியது. முன்பு ஒவ்வொருவருக்கும் ஓர் அலைவரிசை. இருவர் ஒரே அலைவரிசையில் ஸ்விட்சைப் போட்டால் ஒரு விமானம் தரையில் விழுந்து நொறுங்கும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டி வைப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர்தான் பறக்கலாம். அந்தக் கால வங்கிக் கவுன்ட்டரில் பித்தளை டோக்கன் மாதிரி. 2005-ஐ ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்ததும் கிளிப்புக்கு வேலை போயிற்று. ஒவ்வொரு கருவியும் தன் விமானத்தோடு மட்டும் ரகசியமாக உறவு வைத்துக்கொள்கிறது. இவற்றில் பல, அலைவரிசையை விநாடிக்குப் பலமுறை மாற்றித் தாவுகின்றன. இந்தத் தாவும் யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். கூட்டாளி, ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளர்.

இன்று ஒருவர் சாகச மின் விமானம் தயார் செய்ய வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் ஸ்பீட் கன்ட்ரோலர், பாட்டரி, ரிசீவர், இறக்கையிலும் வாலிலும் உள்ள தட்டுகளை அசைக்க 'சர்வோ' என்ற குட்டி மோட்டார்கள், கையில் டிரான்ஸ்மிட்டர். இறக்கையின் மேல்புறமும் கீழ்புறமும் ஒரே வளைவாக இருக்கும். அதனால்தான் தலைகீழாகவும் அதே மாதிரி பறக்கிறது. 2 மீட்டர் விமானத்தில் புரொப்பல்லர் சுமார் 21 அங்குலம். முழு வேகத்தில் 70 ஆம்பியர் இழுத்தால் 2,500 வாட்டுக்கு மேல். மூன்று மிக்ஸிகளை ஒன்றாக ஓட்டுகிற அளவு. பறப்பது எட்டு நிமிடம். ஒரு முறை முழுக்க சார்ஜ் செய்ய ஆகும் மின்சாரம் கால் யூனிட்டுக்குள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். சில நூறு கிராம் நுரை விமானமே போதும். விழுந்தால் பசை போட்டு ஒட்டிவிடலாம். முதல் சில மாதங்கள் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

சட்டமும் உண்டு. 2021-ன் டிரோன் விதிகள், ஆளில்லாமல் தரையிலிருந்து இயக்கப்படும் விமானங்களுக்கும் பொருந்தும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரிய விமானம் வாங்கும் முன் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் நம் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக லிப்போ பற்றி, பெற்றோருக்கும் அடித்தளத்தில் மின் ஸ்கூட்டர் சார்ஜ் செய்கிறவர்களுக்கும் சேர்த்து. லித்தியம் பாட்டரி அடிபட்டாலோ அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலோ தீப்பிடிக்கும். உப்பிப்போன பாட்டரியை மறுபடி சார்ஜ் போடக்கூடாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. மெத்தை, சோபா மேல் வைத்து சார்ஜ் செய்யக்கூடாது. டைல்ஸ் தரையில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள். விமான பாட்டரி செல் ஒன்றுக்கு முழு அளவு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுவிடும். பறக்காத நாட்களில் முழுதாகவும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் அதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு இருக்கும்.